தமிழ்ப் பூட்டுக்கு ஆங்கிலத் திறவுகோலா?

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர். நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் அரமும் சுத்தியும் கொண்டு கைத்தொழிலாளர் செய்யும் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பூட்டின் பெருமை அதன் இரும்பில் இல்லை. உள்ளே அடுக்கப்பட்ட நெம்புகளின் அமைப்பில் இருக்கின்றது. எந்த நெம்பு எவ்வளவு உயர்தல் வேண்டும் என்பதைப் பூட்டுச் செய்தவனே அறிவான். ஆதலின் திறவுகோலின் பல்லையும் அவனே அராவுகின்றான். அலிகாரில் அராவிய திறவுகோலைத் திண்டுக்கற் பூட்டில் நுழைத்துவிட்டு, 'இப்பூட்டுப் பழுது' என்பானைப் பட்டறைக்குப் புதிதாய் வந்த கையாளும் எள்ளி நகைப்பான்.

பட்டறைக் கையாளுக்கு விளங்கும் இவ்வுண்மை, தேர்வு நடத்தும் பெரியோர்க்கு விளங்கவில்லை. தேர்விலும் விடைத் திறவுகோல் என ஒன்றுண்டு. வினாவின் உயிர் வினாத்தாளில் இல்லை. எது சரி, எது பிழை, எதற்கு எத்துணை மதிப்பெண், எதற்கு எத்துணை ஒறுப்பு என வகுக்கும் அத் திறவுகோலில் இருக்கின்றது. அதனை எவன் வகுக்கின்றானோ அவனே மொழியை ஆள்கின்றான். தமிழில் வினாத்தாள் தந்துவிட்டோம் என்று நடுவணரசு மார்தட்டுகின்றது. திறவுகோல் எம்மொழியில் அராவப்பட்டது என்று தமிழர் கேட்டனரா?

2018-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் நடந்த 'நீட்' தேர்வை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதனைத் தமிழில் எழுதியோர் 24,000-க்கும் மேற்பட்டோர். தமிழ்த் தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று மாநிலங்களவை உறுப்பினராயிருந்த டி.கே. அரங்கராசன் உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். சிவிங்கிப்புலி என்னும் விலங்கின் பெயர் 'சீத்தா' என அச்சாகியிருந்தது. வேடசந்தூரிலோ நத்தத்திலோ தமிழ்வழியிற் பயின்ற உழவர் மகள் அதனைச் சீத்தாப்பழம் எனக் கொண்டிருப்பின் அது அவள் குற்றமா?

அத்தேர்வின் மதிப்பெண் முறையைக் காண்க. சரியான விடைக்கு நான்கு. பிழையான விடைக்கு ஒன்று குறைப்பு. பிழைபட்ட வினாவை நம்பி விடையளித்தவள் வரவேண்டிய நான்கையும் இழந்தாள்; கையில் இருந்த ஒன்றையும் இழந்தாள். பிழை செய்தவன் மொழிபெயர்த்தவன், ஒறுக்கப்பட்டவள் படித்தவள்!

2018 சூலை 10-ஆம் நாள் மதுரைக் கிளை, 49 வினாவிற்கும் நான்கு நான்காக 196 மதிப்பெண் வழங்குமாறு தீர்ப்புரைத்தது. நாளிதழ்கள் அதனைக் 'கருணை மதிப்பெண்' என்றன. பறித்த பொருளை மீட்டுத் தருவதற்கு அருள் என்றா பெயர்? அதுவும் நிலைக்கவில்லை. பத்தே நாளில், சூலை 20-இல், உச்ச அறமன்றம் அத்தீர்ப்பிற்குத் தடை விதித்தது. நவம்பரில் அதனை நீக்கியேவிட்டது. எல்லார்க்கும் ஒருபடித்தாய் மதிப்பெண் அளித்தல் முறையன்று என்பது அம்மன்றத்தின் கருத்து. அவ்வாறே கொள்ளினும், எல்லாரையும் ஒருபடித்தாய் வஞ்சித்தது மட்டும் முறையாகுமோ? வினாவொன்றுக்கு ஒன்றாய் ஆராய்ந்து, பிழையான வினாவிற்கு ஒறுப்பை நீக்கும் நெறியைத் தேர்விற்கு முன்பே வகுத்திருப்பின் இவ்வழக்கே எழுந்திராதே!

வகுக்காமைக்குக் கரணியம் உண்டு. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுமாயின் ஆங்கில வடிவமே முடிவானது என்பது அத்தேர்வின் விதி. 2021 முதல் தமிழிலும் கணினிவழி நடைபெறும் பொறியியற் கல்விக்கான சே.இ.இ. முதன்மைத் தேர்விலும் அதுவே விதி. தமிழில் எழுதுவோர் கையில் ஆங்கில வினாவும் உடன் தரப்படுகின்றது என்று விடையிறுப்பர். தமிழில் எழுதும் பிள்ளை தன் தமிழ் வினா சரிதானா என்று ஆங்கிலத்தைப் பார்த்துத் தெளியவேண்டும் என்பதன்றோ இதன் பொருள்? ஆங்கிலத்தைக் கொண்டு தமிழை அளப்பதாயின், தமிழில் தேர்வு என்பது பெயரளவேயன்றி வேறென்ன?

இஃது அயலார் செய்த கொடுமை. தமிழரே தமிழுக்குச் செய்யும் கொடுமை இதனினும் பெரிது. இன்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தேர்வு கணினிக்கு மாறிவருகின்றது. வினாவையும் விடையையும் மதிப்பெண் விழுக்காட்டையும் ஆசிரியரே உள்ளிடலாம். திருத்தும் வேலையை மென்பொருள் செய்யும். நல்லதே. ஆயின் அம்மென்பொருளுக்குத் தமிழைக் கற்பித்தவர் யார்?

பவணந்தியார் நன்னூலிற் போலி என்றொன்றை வகுத்தார். நிலம் எனினும் நிலன் எனினும் ஒன்றே. பந்தல் எனினும் பந்தர் எனினும் ஒன்றே. அமைச்சு எனினும் அமச்சு எனினும் ஒன்றே. திறவுகோலில் 'நிலம்' என்று மட்டும் இட்டுவைத்தால், 'நிலன்' என எழுதிய மாணவனுக்குப் பொறி சுழியம் இடும். இலக்கணம் கற்றவன் தோற்பான், கல்லாதவன் வெல்வான்.

எழுத்துப்பிழைக்குச் சிறிது விட்டுக்கொடுக்கும் முறையும் சில மென்பொருள்களில் உண்டு. ஓரெழுத்து மாறினாற் பாதி மதிப்பெண் என்பர். ஆங்கிலத்திற்கு அது பொருந்தலாம். தமிழிலோ விலை வேறு, விளை வேறு, விழை வேறு. ஓரெழுத்தில் உலகே மாறும். நெகிழவேண்டிய இடத்தில் இறுக்கம்; இறுகவேண்டிய இடத்தில் நெகிழ்வு! அயன்மொழி அளவுகோலைத் தமிழின்மேல் வைப்பதன் விளைவு இதுவே.

எழுத்தை எண்ணுவதிலும் இதே நிலை. 'தமிழ்' என்பது மூன்றெழுத்து என்று முதல் வகுப்புக் குழந்தை கூறும். ஒருங்குகுறியிலோ அதற்கு ஐந்து குறிகள்: மெய்யுருவின்மேல் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். எழுத்தெண்ணி மதிப்பெண் பகுக்கும் பொறிக்குத் தமிழ் ஐந்தெழுத்து! ஔவையின் பெயரை ஔகாரம் இட்டு எழுதினும், ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்துத் தட்டி எழுதினும் கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும். பொறிக்கு இரண்டும் வேறு. எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் ஒருங்குகுறியோடு சேர்த்துத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. ஏற்றதோடு நின்றது.

யாவற்றினும் நெஞ்சைச் சுடுவது வேறொன்று. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கினார். பாவாணர் தம் வாழ்நாளெல்லாம் சொல்லின் வேர்களை அகழ்ந்து காட்டினார். அவர்வழியிற் கற்று 'உயிர்வளி' என்று விடையெழுதும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? திறவுகோலில் 'ஆக்சிசன்' என்று மட்டும் இருப்பின், சுழியமே கிடைக்கும். பச்சையம் என்றாலும் அதே சுழியம். தாளிற் கையால் திருத்திய காலத்தில் நல்லாசிரியர் ஒருவரேனும் படித்துப் பார்த்து மதிப்பெண் இடுவார். பொறிக்கு நெஞ்சில்லை, இட்டதே சட்டம்.

'பொறியின் குறை; யாம் என் செய்வோம்' என்று ஆசிரியர் தப்ப முயல்வர். அது பொய். உலகெங்கும் பயன்படும் மூடுல் என்னும் கட்டற்ற மென்பொருள் 2002 முதல் வழங்குகின்றது. அதிற் குறுவிடை வினா ஒன்றுக்கு எத்தனை விடைகளையும் உள்ளிடலாம். ஒவ்வொன்றுக்கும் நூறு விழுக்காடோ ஐம்பதோ தனித்தனியே வகுக்கலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு காணவேண்டுமா என்றும் அது கேட்கும். தமிழில் அவ்வேறுபாடே இல்லை. அக்கேள்விக்கு மறவாது விடையளிக்கும் தமிழாசிரியர், 'நிலன்' என்பதற்கு ஒரு வரி சேர்க்க மறப்பது ஏன்? பொறி இடந்தந்தது, தமிழன் தரவில்லை.

'எல்லாவற்றையும் ஏற்பின் தேர்வில் ஒழுங்கு ஏது?' என வினவுவாரும் உளர். எல்லாவற்றையும் ஏற்குமாறு எவரும் கேட்கவில்லை. இலக்கணம் ஏற்பதை ஏற்க. இலக்கணம் விலக்குவதை விலக்குக. தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்த ஒழுங்கினும் பெரிய ஒழுங்கு எந்த மென்பொருளில் உள்ளது?

ஆகவே தமிழர் வலியுறுத்த வேண்டுவன நான்கு. தமிழில் நடத்தும் தேர்வில் தமிழ் வினாவே முடிவானது எனச் சட்டம் செய்தல் வேண்டும். பிழைபட்ட வினாவிற்கு ஒறுப்பு மதிப்பெண் நீக்கப்படல் வேண்டும். போலியும் தனித்தமிழ்க் கலைச்சொல்லும் முழு மதிப்பெண்ணுக்குரிய விடையாகத் திறவுகோலில் இடம்பெறல் வேண்டும். தமிழ்ப்புலவர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிடாத திறவுகோல் எந்தக் கணினியிலும் ஏறுதல் கூடாது.

முதலிரண்டும் தில்லியோடு போராடிப் பெறவேண்டியவை. பின்னிரண்டும் தமிழாசிரியர் நாளைக் காலையிலேயே தம் பள்ளியிற் செய்யக்கூடியவை. அதனையும் செய்யாது மேடையில் மொழிப்பற்றுப் பேசுவோர், பூட்டைச் செய்துவிட்டுத் திறவுகோலைப் பகைவன் கையில் ஒப்படைக்கும் பேதையரே ஆவர்.

திண்டுக்கல் தொழிலாளி அப்பிழை செய்வதில்லை. தமிழ் கற்றோரும் செய்யாதிருப்பாராக!