வயலில் அடிக்காததைக் கூரையில் அடித்தேன்



என் தோட்டத்து மோட்டார் ரூமில் 56 தீவனச் சாக்குகள் அடுக்கிக் கிடக்கின்றன. உள்ளே தீவனமும் இல்லை, பிண்ணாக்கும் இல்லை. மஞ்சள் நிறத்தில் ரஸ்க் மாதிரி உடைந்த துண்டுகள். என் வீட்டுக் கூரைக்கு அடியில் அடித்திருந்த பி.யு. ஃபோம். சுரண்டி எடுத்து மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் அதற்கு ஒரு போக்கிடம் கிடைக்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். நான் செய்த தப்பை நீங்களும் காசு கொடுத்துச் செய்ய வேண்டாம்.

எங்க ஊர் கரூர் பரமத்திப் பக்கம். சித்திரை, வைகாசியில் டி.வி.யில் வெயில் கணக்குச் சொல்லும்போது எங்க ஊர்ப் பேர் முதல் நாலைந்து இடத்துக்குள் வந்துவிடும். அப்பா காலத்து ஓட்டு வீடு குரங்குத் தொல்லையில் நாசமாகிப் போச்சு. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போட்டேன். அது முதல் தப்பு. மத்தியானம் ஆனால் உள்ளே இருக்க முடியாது. அம்மாவுக்கு வயது 78. அவங்க படுக்கிற அறையும், நான் விதை வைத்திருக்கிற அறையும் அந்தத் தகரத்துக்குக் கீழேதான்.

அப்போதுதான் ஃபோம் அடிக்கிறவர்கள் வந்தார்கள். "ரெண்டு இஞ்ச் அடிச்சா ஏ.சி. மாதிரி இருக்குங்க, ஆயுசுக்கும் ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார்கள். 600 சதுர அடிக்கு 48,000 ரூபாய். ஒரே நாளில் வேலை முடிந்தது. இரண்டு பீப்பாய், ஒரு மிஷின், நீளமான ஹோஸ், முனையில் துப்பாக்கி. இரண்டு பையன்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே பிடித்து அடித்தார்கள்.

நான் 14 வருஷமாக வயலுக்கு நஞ்சு அடிக்காதவன். பக்கத்துக் காட்டில் எவனாவது முகமூடி இல்லாமல் பூச்சிமருந்து அடித்தால் வரப்பில் நின்று சண்டை போடுகிறவன். அன்றைக்கு அந்தப் பையன்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன். பீப்பாயில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் அம்மா மட்டும் கேட்டாங்க: "ஏங் கண்ணு, ஊட்டுக்குள்ள மருந்து வாடை அடிக்குது?" ரெண்டு நாளில் போயிரும்மா என்றேன்.

பீப்பாயில் இருந்தது என்ன என்று பிறகுதான் தேடிப் படித்தேன். ஒரு பீப்பாயில் பாலியால். இன்னொன்றில் எம்.டி.ஐ. என்கிற ஐசோசயனேட். இரண்டும் துப்பாக்கி முனையில் கலந்து, சூடேறி, நுரைத்துப் பொங்கி, சில நொடிகளில் இறுகிவிடும். அதுதான் பாலியூரிதேன் ஃபோம்.

ஐசோசயனேட் என்ற பெயரை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? போபாலில். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்தது மீதைல் ஐசோசயனேட். செவின் என்ற பூச்சிக்கொல்லி தயாரிக்க வைத்திருந்த பொருள். நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. கூரைக்கு அடிப்பது அதே நஞ்சு இல்லை; அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, அவ்வளவு வேகமாக ஆவியாகாதது. சரியாகக் கலந்து இறுகிய பிறகு அது பெரும்பாலும் வினை முடிந்த பிளாஸ்டிக்தான். ஆனால் அடிக்கும்போது பறக்கிற சாரலும் ஆவியும் மூச்சுக்குழாயைப் பாதிக்கும், ஆஸ்துமா வரவழைக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் இழுப்பு வரும். அதனால்தான் வெளிநாடுகளில் அடிக்கிறவர்கள் உடம்பு முழுக்க மூடி, வெளிக்காற்றைக் குழாயில் இழுக்கிற முகமூடி போட்டு அடிக்கிறார்கள். வீட்டுக்காரர்களைக் குறைந்தது ஒரு நாளாவது வெளியே இருக்கச் சொல்கிறார்கள். இங்கே துண்டும் மோரும்.

ஃபோம் வேலை செய்ததா என்றால், செய்தது. பொய் சொல்லக்கூடாது. முதல் கோடையில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. வந்தவர்களிடம் எல்லாம் நானே பெருமையாகக் காட்டினேன். யூரியா போட்ட முதல் வருஷம் எங்க அப்பாவும் அப்படித்தான் பெருமைப்பட்டிருப்பார்.

இரண்டாவது ஐப்பசி மழையில் சங்கதி வெளுத்தது. தகரத்தில் ஸ்க்ரூ இறக்கிய இடத்தில் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். எல்லாத் தகர வீட்டிலும் நடப்பதுதான். சாதாரணமாக இருந்தால் சொட்டுகிற இடத்தைப் பார்த்து, மேலே ஏறி வாஷரை மாற்றிவிடலாம். ஃபோம் இருந்தால் தண்ணீர் நேராகச் சொட்டாது. தகரத்துக்கும் ஃபோமுக்கும் நடுவில் புகுந்து, எங்கேயோ பத்தடி தள்ளிச் சுவரில் இறங்குகிறது. ஷீட் வேலைக்காரர் மூன்று தடவை ஏறி இறங்கினார். "ஓட்டை எங்கன்னே தெரியலீங்ணா, உள்ள மூடிக் கெடக்குது" என்றார். அந்த ஈரம் வெயில் வந்தாலும் காயவில்லை. விதை அறைச் சுவரில் பூஞ்சணம் வந்தது. பானையில் வைத்திருந்த நாட்டு அவரை விதை பாதி வீணாகிப் போச்சு. சித்தெறும்பு ஃபோமைக் குடைந்து கூடு கட்டியது. ஓரத்தில் வெயில் பட்ட இடமெல்லாம் பழுப்பாகிப் பொடியாக உதிர்ந்தது.

அம்மாவுக்கு அந்த மழைக்காலத்தில் இளைப்பு அதிகமானது. அது ஃபோமால்தான் என்று நான் சொல்லவில்லை. பூஞ்சணமாக இருக்கலாம், வயசாக இருக்கலாம். ஆனால் மருந்து வாடை என்று அவங்க சொன்னதும், போயிரும் என்று நான் சொன்னதும் ராத்திரியெல்லாம் மனசில் ஓடியது. எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

அடிக்க ஒரு நாள். எடுக்க நாலு ஆளுக்கு ஆறு நாள். இறுகிய ஃபோமைக் கரைக்க வீட்டில் புழங்குகிற எந்தத் தின்னரும் உதவாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். இரும்புப் பைப்பையும் தகரத்தையும் ஒரே கட்டியாக ஒட்டிப்பிடித்திருந்தது. பைப் ஓரமாக ரம்பத்தால் அறுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, ஷீட்டைக் கீழே இறக்கிப் போட்டு, பட்டைக் கரண்டியால் சுரண்டினோம். பாதி ஷீட் வளைந்து உதவாமல் போனது. ஃபோம் மூடியிருந்த இடத்தில் பைப் துருப்பிடித்து, கட்டைவிரலால் அழுத்தினால் செதில் செதிலாக வந்தது.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

ஒழுகல் இல்லை, ஈரம் இல்லை, வாடை இல்லை என்றால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். கிளறினால்தான் தூசி. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஸ்க்ரூவையும் வாஷரையும் மட்டும் பாருங்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஃபோமுக்குள் வயர் புதைந்திருக்கும். கிரைண்டர், வெல்டிங் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு பொறி போதும். தூசி முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேலையாட்களுக்கு நாம்தான் வாங்கித் தர வேண்டும். குழந்தைகளும் இளைப்பு உள்ளவர்களும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும். தானியம், விதை, தண்ணீர்ப் பானை எல்லாவற்றையும் முன்பே வெளியேற்றுங்கள்.

உங்கள் கூரை சிமெண்ட் ஷீட் என்றால் சுரண்டவே சுரண்டாதீர்கள். அதில் கல்நார் இருக்கும். அந்த நார்த்தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்த பொருள், நம் ஊர்க் கடையில் இன்னும் கிடைக்கிறது. உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழு ஷீட்டாகத்தான் இறக்க வேண்டும்.

சுரண்டி முடித்தபோது சாக்குகள் மலை மாதிரி குவிந்தன. வேலைக்கு வந்த தம்பி சொன்னான்: "ஒரு தீக்குச்சி போதுங்ணா, அஞ்சு நிமிசத்துல சோலி முடிஞ்சுது." அங்கேதான் நான் பிடிவாதமாக நின்றேன். ஃபோமில் நைட்ரஜன் இருக்கிறது. எரித்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். குழி தோண்டிப் புதைக்கலாம் என்றால், என் மண்ணில் அது மட்காது. பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது உருகாதுங்க, எடுக்க மாட்டோம்" என்றார். சரிதான். பிளாஸ்டிக் குடத்தை உருக்கி இன்னொரு குடம் செய்யலாம். இது அந்த வகை இல்லை. ஊராட்சித் தூய்மைக் காவலரம்மாவிடம் இதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அவங்களும் ஊர்க்கோடியில் கொட்டி எரிக்கத்தான் வேண்டியிருக்கும்.

இது எங்க ஊர்க் கூத்து மட்டும் இல்லை. பிரிட்டனில் மரக்கூரை வீடுகளுக்கு அடியில் இந்த ஃபோமை ஏராளமாக அடித்தார்கள். 2020இல் அரசாங்கமே வீட்டுக் காப்புக்கு மானியம் அறிவித்தது. அதில் இதுவும் சேர்ந்தது. இன்றைக்கு ஃபோம் அடித்த வீட்டுக்குப் பல வங்கிகள் கடன் தர மறுக்கின்றன. காரணம், மூடிய ஃபோமுக்குள் மரம் ஈரத்தில் அழுகுகிறதா என்று யாராலும் பார்க்க முடியவில்லை. வீட்டை விற்க முடியாமல், ஆயிரக்கணக்கான பவுண்டு செலவழித்துச் சுரண்டுகிறார்கள். அடித்துக் கொடுக்க ஒரு கூட்டம் வந்தது போல, எடுத்துத் தருகிறேன் என்று பயமுறுத்திப் பணம் பறிக்க இன்னொரு கூட்டமும் அங்கே கிளம்பியிருக்கிறது. வீரிய விதை, அதற்கு உரம், அதற்குப் பூச்சி, அதற்கு மருந்து என்று நாம் பார்த்த அதே சங்கிலி.

நான் சொல்ல வருவது இதுதான். வயலுக்கு வெளி இடுபொருள் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்கிற நாம், வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வரப்பில் கேட்கிற கேள்வியை வாசலில் கேட்பதில்லை. இப்போது காளான் குடிலுக்கு, நாட்டுக்கோழிக் கொட்டகைக்கு, விதைக் கிடங்குக்கு என்று நம் ஆட்களையே தேடி இந்த ஃபோம் வருகிறது. விற்க வருகிறவரிடம் எவ்வளவு குளிரும் என்று மட்டும் கேட்காதீர்கள். "பழுதானால் இதைக் கழற்ற முடியுமா? கழற்றினால் இது எங்கே போகும்? நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். கீற்றுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ஓட்டுக்கு உண்டு. மூங்கிலுக்கு உண்டு. மூங்கிலும் கீற்றும் மட்கி மண்ணாகும். ஓட்டைக் கழற்றி வேறு வீட்டில் போடலாம்.

பிளாஸ்டிக் உறை விற்கிறவர் அந்தக் கழிவுக்கும் பொறுப்பு என்று நாட்டில் விதி இருக்கிறது. அந்தப் பொறுப்பு உறையோடு நின்றுவிடக் கூடாது. கூரையில் அடிக்கிறவருக்கும் வர வேண்டும். நம் இயக்கம் இதையும் கோரிக்கையாக எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெக்கைக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். புதுத் தகரத்துக்கு மேலே அரையடி உயரத்தில் மூங்கில் சட்டம் கட்டி, அதன்மேல் தென்னங்கீற்று வேய்ந்தேன். தகரத்தோடு ஒட்டிப் போட்டால் மழையில் ஈரம் தங்கித் துருவேறும். அந்த அரையடியில் காற்று ஓட வேண்டும். உள்ளே மூங்கில் தட்டியில் ஒரு மச்சு, இரண்டு பக்கச் சுவரிலும் மேலே காற்றுத் துவாரம். மேற்குப் பக்கம் பந்தல் போட்டுக் கோவைக்கொடி ஏற்றிவிட்டேன். ஃபோம் கொடுத்த குளிர்ச்சி முழுசாக வரவில்லை, முக்கால்வாசி வந்தது. கீற்றை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தீப்பொறிக்குப் பயப்பட வேண்டும், அடுப்பைத் தள்ளித்தான் வைக்க வேண்டும். ஆனால் ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரிகிறது. கழற்றிய கீற்று மாட்டுக்கொட்டகை மூலையில் எருக்குழிக்குப் போகும்.

அம்மா இப்போது அந்த அறையில்தான் மறுபடியும் படுக்கிறாங்க. தோட்டத்துப் பக்கம் வரும்போதெல்லாம் மோட்டார் ரூமைப் பார்த்து, "அந்த மஞ்ச மூட்டையெல்லாம் எப்பக் கண்ணு எடுப்ப?" என்று கேட்கிறாங்க. சிமெண்ட் ஆலைகள் பிளாஸ்டிக் கழிவை எரிபொருளாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குடியானவனின் 56 சாக்குக்கு யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள் போலிருக்கிறது. நம் மாவட்டங்களில் இதே மூட்டையோடு இருப்பவர்கள் சேர்ந்தால் ஒரு லோடு ஆகும். இருக்கிறவர்கள் இதழுக்கு எழுதுங்கள்.