மடியும் கட்டிலும் மடியாத வாடகையும்

நகரத்துச் சிறு வீட்டிலே வசதியாக வாழ்வது எப்படி என்று போதிக்கும் எழுத்துக்கள் பெருகிவிட்டன. சுவருக்குள் மறையும் கட்டில், படிக்கட்டின் கீழே அலுமாரி, மேசையாக விரியும் கதவு என்று எத்தனையோ உபாயங்கள்! இவற்றை ஆக்கியோரின் திறமையைப் பழிக்க நாம் வரவில்லை. அத்திறமையே வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு எனப் பறைசாற்றுவதைத்தான் மறுக்கிறோம்.

இவர்கள் ஓயாது புகழும் வீடொன்று ஹொங்கொங்கிலே உண்டு. கட்டடக் கலைஞர் கேரி சாங் இளமையிலே பெற்றோர், மூன்று தங்கையர், ஒரு வாடகைக் குடியாளர் ஆகியோருடன் வாழ்ந்த 32 சதுர மீற்றர் வீடு அது. பின்னாளில் அதனை விலைக்கு வாங்கி, கூரைத் தண்டவாளங்களிலே சுவர்களைத் தொங்கவிட்டு, 24 விதமாக மாறும் வீடாக்கினார். ஒரு சுவரை இழுத்தால் சமையலறை; இன்னொன்றை இழுத்தால் குளியற்றொட்டி. அழகான வேலைதான். ஆயினும், ஏழு பேர் நெருங்கிக் கிடந்த இடம் ஒருவருடையதாகிய பின்னரே அந்த வசதி பிறந்தது. அதற்குச் செலவான தொகையோ இரண்டு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். இது சாதுரியத்தின் வெற்றியா, பணத்தின் வெற்றியா?

அதே நகரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் துண்டாடப்பட்ட வீடுகளிலே வாழ்வதாக 2021 ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்குகளே கூறின. அங்கும் ஓரங்குலம் வீணாவதில்லை. அடுப்பின் அருகிலேயே மலகூடம் அமைந்துவிடுகிறது. அந்த வடிவமைப்பாளர் வேறு யாருமல்லர், வீட்டுச் சொந்தக்காரர்! ஒரு வீட்டை நான்காகத் தடுத்தால் நான்கு வாடகை. நிலம் ஏறக்குறைய முழுவதும் அரசுடையது. அதனைக் குத்தகைக்கு விற்று வருமானம் பெறும் காலனித்துவ வழக்கம் 1997 க்குப் பின்னும் மாறவில்லை. 2025 இல் நிறைவேறிய சட்டம், ஒரு குடியிருப்பு எட்டுச் சதுர மீற்றருக்குக் குறையலாகாது என்கிறது. எட்டடிக்குப் பதினோரடி. ஆசிரிய நண்பர்கள் தம் வகுப்பறைத் தரையிலே வெண்கட்டியாற் கோடிட்டுப் பார்க்கட்டும்.

சிறு வீட்டை மக்களுக்காகச் சிந்தித்தவர்களும் இருந்தனர். 1926 இல் மார்கரெட் ஷுட்டே-லிஹொட்ஸ்கி வகுத்த பிராங்போட் சமையலறை 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமுமே கொண்டது. இல்லத்துப் பெண்ணின் ஒவ்வோரடியையும் எண்ணி, ரயில் உணவு வண்டியின் சமையலறையையும் ஆராய்ந்து, அரிசி, சீனி முதலியவற்றுக்கு உலோக லாச்சிகளைப் பொருத்தினார். (ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறை, பெண்ணைத் தனிமையிலே பூட்டிற்று என்ற கண்டனமும் நியாயமானதே.) ஆனால் அது வெறும் சாமர்த்தியமாக நிற்கவில்லை. ஏர்ன்ஸ்ட் மேயின் தலைமையில் நகரசபை எழுப்பிய குடியிருப்புக்களிலே ஏறத்தாழ 10,000 வீடுகளுக்கு அது சென்றது. பணம் எங்கிருந்து வந்தது? 1923 ஆம் ஆண்டின் பணவீக்கத்தாற் கடன் கரைந்து இலாபமடைந்த பழைய வீட்டுச் சொந்தக்காரர் மீது 1924 இல் விதித்த வரி அதற்குப் பெரிதும் உதவியது.

அச்சமையலறை இன்று நியூயோர்க்கின் நவீன கலை அரும்பொருளகத்தின் சேகரிப்பிலும் உண்டு. லாச்சிகளை வியப்போர் பலர். அந்த வரியைப் பற்றிப் பேசுவோர் எங்கே?