வயிற்றுக்குள் ஒரு வாய்க்கால்

பசுமலை அன்பர் ஒருவர் எழுதுகிறார். அவருடைய தம்பிக்குக் கணையத்தில் அழற்சி கண்டு, ஜுரம் தணிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் மேல்வயிறு பானைபோல் உப்பியிருக்கிறதாம். நாலு கவளம் உள்ளே போனால் குமட்டல். ஒரு டாக்டர் வயிற்றைக் கீறித்தான் ஆகவேண்டும் என்கிறார். மற்றொருவர், கத்தியே வேண்டாம், வாய் வழியாகவே வடித்து விடலாம் என்கிறார். "பின்னவர் சொல்வது நம்பத் தகுந்ததா? வீட்டில் பெண்டுகள் கலங்கிப் போயிருக்கிறார்கள்" என்று கேட்கிறார் அன்பர்.

நம்பத் தகுந்ததே. இரைப்பைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடப்பது கணையம். பித்தக் கல்லாலோ மதுவாலோ அது புண்பட்டால், அதன் ஜீரண நீர் கசிந்து வெளியே தேங்குவதுண்டு. தேங்கிய நீரைச் சுற்றி நாளடைவில் ஒரு சுவர் எழும்பும். இது புற்று நோயன்று; வெறும் நீர்க்கட்டி. (மதுவைத் தொட்டறியாத இளைஞருக்கும் கணையத்தில் கல் சேரும் வியாதி ஒன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்டது. ஆகவே கணைய வியாதி என்றவுடன் அக்கம்பக்கத்தார் நோயாளியின் ஒழுக்கத்தை விசாரிக்கப் புகுவது அநியாயம்.)

இக்கட்டிகளில் பல தாமே வற்றிவிடும். வலி, வாந்தி, காமாலை, சீழ் ஆகியவை கண்டால்தான் வடிக்கவேண்டும். பெரிதாயிருக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. சுவர் முதிர்வதற்குச் சுமார் நான்கு வாரம் பிடிக்கும். அதற்குமுன் துளைத்தால் நீர் வயிற்றுக்குள் சிந்திவிடக்கூடும். எனவே டாக்டர் "பொறுங்கள்" என்றால் அதை அசிரத்தை என்று எண்ணலாகாது.

வடிக்கும் முறை விந்தையானது. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து எண்டாஸ்கோப்புக் குழாயை வாய் வழியே இரைப்பைக்குள் செலுத்துகிறார்கள். அதன் நுனியில் ஒரு சிறு ஸ்கேன் கருவி இருக்கிறது. காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கொண்டு, இரைப்பைச் சுவருக்கு அப்பாலுள்ள கட்டியையும் இடையே ஓடும் இரத்தக் குழாய்களையும் அது திரையில் காட்டும். குழாய்களுக்கு விலகி ஊசியால் துளைத்து, கம்பி நுழைத்து, வழியை அகலப்படுத்தி 'ஸ்டென்ட்' வைக்கிறார்கள். அது இருமுனையும் சுருண்ட பிளாஸ்டிக் குழாயாயிருக்கலாம். அல்லது உடுக்கைபோல் நடு ஒடுங்கி இருபுறமும் விரிந்த உலோக வலையாயிருக்கலாம். கட்டியின் நீர் இரைப்பைக்குள் வடிந்து குடல் வழியே போய்விடும்.

1992-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இவ்வகைச் சிகிச்சையை முதன்முதல் வெளியிட்டவர்களுள் ஒருவர் இந்தோனேசியாவில் பிறந்த ஸோஹெந்திரா. அமெரிக்காவில் ஷியாம் வரதராஜுலு குழுவினர் நாற்பது நோயாளிகளை இரு பிரிவாக்கி, கத்தியையும் குழாயையும் ஒப்பிட்டு 2013-ல் முடிவை வெளியிட்டனர். குணம் இரண்டிலும் சமமே. ஆஸ்பத்திரி வாசமோ கத்திக்கு ஆறு நாள், குழாய்க்கு இரண்டே நாள். செலவும் பாதிக்குக் குறைவு. உலோக ஸ்டென்ட் ஒன்றுக்கு 'நாகி' என்று பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஹைதராபாத் டாக்டர் நாகேஷ்வர ரெட்டியின் பெயரால் வழங்குவது அது. பெருமைதான், ஆனால் அதைச் செய்து விற்பது கொரியாக் கம்பெனி! மூளை நம்முடையதாயிருக்க, பட்டறை மட்டும் ஏன் கடல் கடந்து இருக்கவேண்டும்? முன்னாளில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றிருந்த மதுரை இராஜாஜி ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்கு வரும் ஏழைக்கும் இந்தச் சிகிச்சை எட்டவேண்டுமானால், சாதனம் இங்கேயே உற்பத்தியாக வேண்டும்.

அபாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். இரத்தம் கசியலாம், சீழ் பிடிக்கலாம், ஸ்டென்ட் நழுவலாம். ஆகையால் ரணசிகிச்சை நிபுணரும் இரத்தமும் கைக்கெட்டும் ஆஸ்பத்திரியே உகந்தது. இவற்றிலும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அது நோயாளியின் மறதி. வலி போனதும் வேலைக்குத் திரும்பிவிடுவார். உள்ளே உலோக வலை இருப்பது நினைவிராது. கட்டி சுருங்கியபின் அவ்வலை இரத்தக் குழாயில் உராய்ந்து பெருக்கெடுக்க வைக்கக்கூடும். ஆதலால் மூன்று நான்கு வாரத்தில் ஸ்கேன் பார்த்து அதை எடுத்துவிடுவது வழக்கம்.

அன்பர் இரண்டாவது டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: சுவர் முதிர்ந்துவிட்டதா? இதுபோல் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? வைக்கும் ஸ்டென்டை எந்தத் தேதியில் எடுப்பீர்கள்? மூன்றாவதற்கு வரும் பதிலை எழுதி வாங்கிக்கொண்டு, தம்பியிடம் அல்ல, தம்பி மனைவியிடம் கொடுத்து வைக்கட்டும்.