நலத்துக்கு ஒரு பெயர்

எங்கள் கல்லூரியில் பெண் பணியாளர் நலத் திட்டத்துக்கு ‘அகநலம்’ என்று பெயர் வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரைக் குறை சொல்லும்போது தன் பங்கை மட்டும் நாசூக்காக விட்டுவிடுவது எங்கள் ஆசிரியர் வர்க்கத்தின் பழைய பழக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மதியம் முதல்வர் கூப்பிட்டார். “மேடம், நீங்க கவிஞர். நல்ல தமிழ்ப் பேரா ஒண்ணு, அதுக்குக் கீழ போட ஒரு வரி. நாளைக்குக் காலைல பேனர் பிரிண்டுக்குப் போகணும்.” திட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். “அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம். முதல்ல ஒரு ஐடென்டிட்டி வேணும்ல?” எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதுவரை நிர்வாகத்துக்கு என் தமிழ் தேவைப்பட்டது வரவேற்புரைக்கும் பொங்கல் விழாவுக்கும் மட்டுமே.

லோகோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் உங்கள் அலுவலகத்தில், உங்கள் மருத்துவமனையில். ரோஸ் நிறத் தாமரை, அதன்மேல் சம்மணமிட்ட பெண், காற்றில் பறக்கும் கூந்தல், மூடிய கண்கள். முகத்தில் வாய் மட்டும் இருக்காது. வரைந்த பையன் மறந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு கவனித்துப் பார்த்தால் இந்த மாதிரிச் சின்னங்களில் பலவற்றிலும் அவளுக்கு வாய் இல்லை.

திட்டம் இதுதான்: வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு யோகா, மாதம் ஒருமுறை மன அழுத்தம் பற்றி ஓர் உரை. வந்ததற்கு பயோமெட்ரிக்கில் விரல் வைக்க வேண்டும். ஐந்து மணி டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறே முக்காலுக்கு. மூச்சை உள்ளே இழுத்தபடியே எத்தனை பேர் கடிகாரத்தைப் பார்த்தோம் என்பதை அந்த அம்மாவும் கவனித்திருப்பார், பாவம். மூன்றாம் மாடியில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி ஆபீசில் ஓர் ஆண் கிளார்க்கிடம், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. அந்தக் கழிப்பறையைக் கழுவும் பெண்களுக்குத் திட்டத்தில் இடமே இல்லை, அவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்களாம்.

யோகா கெட்டதா என்று கேட்காதீர்கள். எனக்கும் முதுகுவலி உண்டு, வீட்டில் செய்கிறேன். என் கோபம் பெயர் மேல், அதை வைத்த என் மேல்.

ஒருநாள் நூலகத்தில் பழைய இதழ்கள் அடுக்கியிருக்கும் அறையைத் திறந்தேன். எங்கள் துறையின் ஒப்பந்த ஆசிரியை, குழந்தை பெற்று மூன்று மாதத்தில் திரும்பி வந்தவள், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்ட பாலைக் கைக்குட்டையில் பீய்ச்சிப் பிழிந்துவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும். என்னைக் கண்டு பதறினாள், பிறகு சமாளித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே வந்ததும் வராந்தாவில் தொங்கிய பேனரைப் பார்த்து, “நீங்க வெச்ச பேராமே மேடம், ரொம்ப நல்லா இருக்கு” என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே சொன்னாள். அதுதான் இன்றுவரை தைக்கிறது.

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்றது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றது. கூட்டத்தில் இதைச் சொன்னேன். “அது ஃபேக்டரிக்கு மேடம். நமக்கு வருமான்னு வக்கீலைக் கேட்டிருக்கோம்” என்றார்கள். தாமரை போடுவதற்கு எந்த வக்கீலையும் கேட்கவில்லை.

சங்க இலக்கியம் நடத்துகிறவள் நான். அகப்பாடல்களில் ‘நலம்’ என்றால் பெரும்பாலும் பெண்ணின் அழகு. அவன் வராததால் தொலைவது, பசலை தின்பது. திருக்குறளின் 124ஆம் அதிகாரத்துக்குப் பெயரே ‘உறுப்புநலன் அழிதல்’. அழிவுக்கு அவள் உடம்புக்கு வெளியே ஒரு காரணம் உண்டு என்பது அந்தப் பாட்டுகளில் எல்லாருக்கும் தெரியும், அவள் வீட்டாரைத் தவிர. மகள் இளைத்துவிட்டாள், முருகன் அணங்கிவிட்டான் என்று தாய் வேலனைக் கூட்டிவருவாள். களம் இழைத்து, மணல் பரப்பி, ஆட்டை அறுத்து வெறியாடுவார்கள். தோழி மட்டும்தான் முன்னே வந்து உண்மையைப் போட்டு உடைக்கிறாள். அதற்கு நம் இலக்கணம் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். வருடா வருடம் வெறியாட்டைப் பாடம் நடத்திவிட்டு, வேலனுக்கு பேனர் எழுதிக் கொடுத்தேன் நான்.

பெயரில் ஒரு சொல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு கதை உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘உள்ளகப் புகார்க் குழு’ அமைக்கச் சொன்னது. 2016இல் வந்த ஒரு திருத்தம் அதிலிருந்து ‘புகார்’ என்பதை எடுத்துவிட்டு ‘உள்ளகக் குழு’ ஆக்கியது. குழு இருக்கிறது, வேலை அதேதான். ஆனால் அறைக் கதவில் அந்தப் பலகையைப் பார்க்கும் முதலாமாண்டு மாணவிக்கு அது எதற்கான அறை என்று எப்படித் தெரியும்?

பெண்கள் தாங்களே தங்களுக்கு அடையாளம் உண்டாக்கிய வேலைத்தலமும் இருக்கிறது. 2015 செப்டம்பர், மூணாறு. தேயிலைத் தோட்டத்தில் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பலர் தலித்துகள். அன்று அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களை அருகில் விடவில்லை. ‘பொம்பளை ஒருமை’ என்று அவர்களுக்குப் பெயர் நிலைத்தது. மாணவி ஒருத்தி விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் ‘பொம்பளை’யைப் பெண் ஆக்கி, ‘ஒருமை’யை ஒற்றுமையாகத் திருத்தி, பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஒருமை பன்மை மயக்கம்’ என்று எழுதியிருப்பேன். மலையாளத்தில் ஒருமை என்றால் ஒற்றுமைதான். இரண்டு மொழிக்கு நடுவே கூலிக்குக் கொழுந்து கிள்ளும் வாயிலிருந்து வந்த சொல் அது. அதற்குத் தாமரை இல்லை, கீழே வரி இல்லை. போனஸ் தொகை 20 சதவீதத்துக்கு ஏறியது. கேட்ட 500 ரூபாய் கூலி கிடைக்கவில்லை, பின்னால் இயக்கமும் உடைந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கடையில் நாள் முழுக்க நின்றே விற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தியதும் இந்த வரிசையில்தான் வருகிறது. கேட்டது நாற்காலி. அதை ‘நலவாழ்வு’ என்று யாரும் அழைக்கவில்லை.

இந்த ஜூனில் முதல்வர் மறுபடி கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஆள் வருவதில்லையாம், பழைய பெயர் எடுபடவில்லையாம், புது லோகோ, புதுப் பெயர். “சிறகு, தளிர், அந்த மாதிரி இளமையா ஒண்ணு.” மறுநாள் ஒரு தாள் எழுதிக் கொண்டுபோனேன். மூன்றாம் மாடிச் சாவி, நூலகத்தின் அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, தண்ணீர்க் குழாய், மே மாதச் சம்பளம், துப்புரவுப் பெண்களின் பெயர்கள் பட்டியலில். கீழே என்னோடு பதினொரு பேர் கையெழுத்து. அந்த ஒப்பந்த ஆசிரியை போடவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவள் வேலை ஏப்ரலோடு முடிகிறது.

முதல்வர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல பேர் எங்க மேடம்?”