நல்ல மருத்துவரையும் சோதிக்க வேண்டுமா?

"எங்கள் டாக்டர் கைராசிக்காரர். அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி நோய் போய்விடும்." இப்படிச் சொல்லாத ஊர் உண்டா? பெரிய மருத்துவமனைகளைவிட, நம் தாத்தாவையும் பேரனையும் பெயர் சொல்லி அழைக்கும் குடும்ப மருத்துவரைத்தான் நாம் அதிகம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதுமா? இந்தக் கேள்விக்கான விடையை இங்கிலாந்து நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

ஹைட் நகரம் கற்பித்த பாடம்

மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்ற சிறு நகரில் குடும்ப மருத்துவராக இருந்தவர் ஹெரால்டு ஷிப்மன். முதியவர்களின் வீடு தேடிச் சென்று பார்ப்பவர் என்று ஊரே அவரைப் பாராட்டியது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், 15 நோயாளிகளைக் கொன்றவர் என்று நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் நடந்த விசாரணையின் முதல் அறிக்கை 2002-இல் வெளியானது. கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று அது கூறியபோது உலகமே அதிர்ந்தது.

இவர் 1976-இலேயே போதை தரும் வலி மருந்துக்காகப் பொய்யான மருந்துச் சீட்டுகள் எழுதித் தண்டிக்கப்பட்டவர். ஆயினும் மருத்துவத் தொழிலில் தொடர்ந்தார். 1992 முதல் தனியாளாக மருத்துவ நிலையம் நடத்தினார். 1998 மார்ச் மாதம் பக்கத்து நிலையத்து மருத்துவர் ஒருவர், இவருடைய நோயாளிகள் அளவுக்கு அதிகமாக இறக்கிறார்களே என்று ஐயம் எழுப்பினார். காவல்துறையின் விசாரணை மேலோட்டமாக முடிந்தது. அதன் பிறகும் மூவர் உயிரிழந்தார்கள்.

ஷிப்மனைப் போன்றவர்கள் அரிதிலும் அரிது. அவரை வைத்து மருத்துவர்கள் அனைவரையும் எடைபோடுவது அநீதி. ஆனால் ஒன்றை நாம் மறுக்க முடியாது. நோயாளிகளின் அன்பும் பாராட்டும் ஒரு மருத்துவ நிலையம் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது.

ஆய்வாளர் எதைப் பார்க்கிறார்?

இங்கிலாந்தில் மருத்துவ, சமூகப் பராமரிப்பு நிலையங்களைக் கண்காணிக்கும் பராமரிப்புத் தர ஆணையம் 2009-இல் செயல்படத் தொடங்கியது. 2013 முதல் குடும்ப மருத்துவ நிலையங்களும் அதன் கீழ் வந்தன. பாதுகாப்பானதா, பயன் தருகிறதா, பரிவு காட்டுகிறதா, மக்கள் தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நன்கு நிர்வகிக்கப்படுகிறதா என்ற ஐந்து கேள்விகளை அது கேட்கிறது. முடிவில் 'மிகச் சிறப்பு', 'நன்று', 'முன்னேற்றம் தேவை', 'போதாது' என்ற நான்கில் ஒரு மதிப்பீட்டை வழங்குகிறது. 2015 முதல் இந்த மதிப்பீட்டை நோயாளிகளின் கண்ணில் படும்படி நிலையத்தில் வைப்பது கட்டாயம்.

ஆய்வாளரோடு ஒரு குடும்ப மருத்துவரும் ஆலோசகராக இணைந்து பணியாற்றுகிறார். அவர்கள் பார்ப்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா, அதைத் தவறாமல் குறித்தார்களா? அவசர மருந்துகள் காலாவதி ஆகிவிட்டனவா? மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை உண்பவர்களுக்கு உரிய காலத்தில் இரத்தப் பரிசோதனை நடந்ததா? வாரம் ஒருமுறை உண்ண வேண்டிய அந்த மாத்திரையைத் தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. புற்றுநோய் இருக்கலாம் என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று யாராவது பின்தொடர்ந்தார்களா?

இவற்றில் எதுவும் கொடுமையால் நேர்வதில்லை. மறதியால், வேலைப் பளுவால், "அவர் பார்த்துக்கொள்வார்" என்ற எண்ணத்தால் நேர்கின்றன. இரக்கமுள்ள மருத்துவரின் நிலையத்திலும் இவை நடக்கும். அதனால்தான் நல்லவருக்கும் இன்னொருவரின் கண் தேவைப்படுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தவறுகளைப் பதிவு செய்யும் ஏடு. "எங்களிடம் எந்தத் தவறும் நடக்கவில்லை" என்று வெற்று ஏட்டைக் காட்டும் நிலையத்தைக் கண்டுதான் நாம் அஞ்ச வேண்டும். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அதை அவரிடம் மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அங்கே இப்போது சட்டம்.

கிராமத்தின் நிலை

கிராமங்களில் இந்தச் சோதனை இன்னும் கூர்மையாகிறது. மருந்துக் கடைக்கு 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் கிராமத்து நோயாளிகளுக்கு மருத்துவ நிலையமே மருந்து வழங்க அந்நாட்டில் அனுமதி உண்டு. முதியவர்களுக்கு இது பெரும் உதவி. ஆனால் வேறு கடையில் இருக்கும் மருந்தாளுநர் சீட்டைப் பார்த்து, "இந்த அளவு சரியா?" என்று கேட்கும் வாய்ப்பு இங்கே இல்லை. தவறைத் தடுக்கும் ஒரு கண் குறைகிறது. ஆகவே மருந்தை எடுத்துக் கொடுப்பவர் பயிற்சி பெற்றவரா, இரண்டாமவர் சரிபார்க்கிறாரா என்று ஆய்வாளர் கேட்பது அதிகாரத் தோரணை அல்ல, அக்கறை.

அதே வேளையில் இன்னொரு பக்கமும் உண்டு. 'போதாது' என்று மதிப்பிடப்பட்ட நிலையம் குறிப்பிட்ட காலத்துக்குள் திருந்தாவிட்டால் அதன் பதிவே இரத்தாகலாம். நகரத்தில் ஒன்று மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். பேருந்து எப்போதாவது வரும் கிராமத்தில், இருக்கும் ஒன்றும் மூடப்பட்டால் நடக்க முடியாத பாட்டி எங்கே போவார்? பாதுகாப்புக்காக எடுத்த முடிவே அவருக்குப் பாதுகாப்பின்மை ஆகிவிடாதா? ஏட்டு வேலையே நோயாளியைப் பார்க்கும் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று மருத்துவர்கள் புலம்புவதிலும் நியாயம் உண்டு.

எனவே குறையைச் சுட்டுவதோடு ஆய்வு நின்றுவிடக் கூடாது. திருந்தக் கைகொடுக்கவும் வேண்டும். இது வெறும் ஆசை அல்ல. 2017-இல் முதல் சுற்று ஆய்வு முடிந்தபோது பத்தில் ஒன்பது நிலையங்கள் 'நன்று' அல்லது அதற்கு மேல் மதிப்பீடு பெற்றிருந்தன. முதலில் பின்தங்கியவற்றிலும் பெரும்பாலானவை மறு ஆய்வில் முன்னேறியிருந்தன.

சோதிப்பவரை யார் சோதிப்பது?

2020-இல் கொரோனா பரவியபோது வழக்கமான ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. பின்னரும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. டாக்டர் பென்னி டாஷ் நடத்திய மீளாய்வின் இடைக்கால அறிக்கை 2024 ஜூலையில் வந்தது. 2019-20-இல் சுமார் 16,000 ஆக இருந்த ஆய்வுகள், 2023-24-இல் சுமார் 7,000 ஆகக் குறைந்துவிட்டன. ஆணையத்தின் கீழுள்ள இடங்களில் ஐந்தில் ஒன்று ஒருமுறைகூட மதிப்பீடு பெறவில்லை. ஆணையம் தன் பணிக்குத் தகுதியற்ற நிலையில் இருப்பதாக நலவாழ்வு அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் வெளிப்படையாகவே கூறினார்.

இது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் பெற்ற 'நன்று' என்ற அட்டை சுவரில் தொங்குகிறது. அதன் பிறகு மருத்துவர் மாறியிருக்கலாம், செவிலியர் குறைந்திருக்கலாம். ஆனால் அட்டை மாறவில்லை. அதை நம்பி வரும் நோயாளிக்கு அது பொய்யான ஆறுதல் அல்லவா? ஆய்வே இல்லாததைவிட, காலாவதியான ஆய்வு ஒருவகையில் ஆபத்தானது. ஏனெனில் அது கேள்வி கேட்கும் வாயையும் அடைத்துவிடுகிறது.

நம் கடமை

நம் பிள்ளைகளும் உறவினர்களும் பலர் அந்நாட்டில் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் உழைக்கிறார்கள். ஆய்வு நாள் நெருங்கும்போது அவர்கள் படும் பதற்றம் நமக்குத் தெரியும். அவர்களை நாம் சந்தேகிக்கவில்லை. நல்ல மருத்துவரைச் சோதிப்பது அவரை அவமதிப்பது ஆகாது. அவர் கவனிக்கத் தவறியதை அவருக்கே காட்டி, அவர் நோயாளியைக் காப்பது.

நாமும் சும்மா இருக்கலாகாது. மருந்தை வாங்கும்போது அளவைக் கேட்போம். பரிசோதனை முடிவு வரவில்லையென்றால், "வந்தால் அவர்களே சொல்வார்கள்" என்று காத்திராமல் நாமே விசாரிப்போம். குறை கண்டால் பழிவாங்கும் எண்ணமின்றி, அடுத்தவருக்கு அது நேரக் கூடாது என்ற எண்ணத்தோடு எடுத்துச் சொல்வோம். ஹைட் நகரில் ஒரு மருத்துவர் கேட்ட கேள்விக்கு உரிய நேரத்தில் செவிசாய்த்திருந்தால் மூன்று உயிர்கள் பிழைத்திருக்கும்.

நம்பிக்கையும் சோதனையும் எதிரிகள் அல்ல. சோதனைக்குத் தன்னைத் திறந்து வைப்பவரே நம் நம்பிக்கைக்கு உரியவர். இது மருத்துவருக்கும் பொருந்தும், அவரைச் சோதிக்க வரும் ஆணையத்துக்கும் பொருந்தும், ஏன், நம் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். சிந்திப்போம்.