விதைநெல்லைச் சமைத்துவிடாதீர்கள்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், என் பொண்ணு பாட்டு, பரதம், கீபோர்டு, பேச்சுப் போட்டி எல்லாத்துலயும் பரிசு வாங்குறா. எதைச் சொன்னாலும் செய்வா. அதனால எல்லாத்துக்கும் பேர் கொடுத்திருக்கேன்" என்றாள். வாழ்த்துச் சொன்னேன். போனை வைத்த பிறகு மனசுக்குள் ஒரு பயம் வந்தது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளமான பதிவு. என் வகுப்பில் 45 நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு மேல்நாட்டுச் செவ்வியல் இசை கேட்கப் பழகிக்கொண்டேன். அதில் என் மனதில் உட்கார்ந்துவிட்டவர் லியோன்டைன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பாடகி. அவருடையது சொப்ரானோ குரல், அதாவது பெண் குரல்களில் மிக உயரமான சுருதிகளில் சஞ்சரிக்கும் குரல். ஆபரா மேடையில் மைக் கிடையாது. மூவாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அரங்கில், முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசை வரை வெறும் தொண்டையால் பாடி நடிக்க வேண்டும். நம் ஊர் தெருக்கூத்துக் கலைஞர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

பிரைஸ் 1927இல் மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி, அம்மா பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்றிருந்த காலம். அந்தப் பெண் கல்லூரிக்குப் போனது இசை ஆசிரியை ஆவதற்காக! நம்ம ஜாதிதான் என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை. குரலைக் கேட்டவர்கள் சும்மா விடவில்லை. நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளிக்கு அனுப்பினார்கள். பால் ராப்சன் அவருக்காக நிதி திரட்டும் கச்சேரியே செய்தார். ஜூலியார்டில் ஃபுளோரன்ஸ் பேஜ் கிம்பல் என்ற ஆசிரியையிடம் பயின்றார்.

பிறகு அவர் பாடியதைப் பாருங்கள். 1952 முதல் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' நாடகத்தில் பெஸ் வேடம். ஜாஸ் வாசனை வீசும் இசை அது. 1953இல் சாமுவேல் பார்பர் என்ற இசையமைப்பாளரின் புத்தம்புதுப் பாடல் தொகுப்பை, அவரே பியானோ வாசிக்க, முதன்முதலாக மேடையேற்றினார். 1955இல் தொலைக்காட்சியில் புச்சினியின் 'டோஸ்கா'. தென் மாநிலங்களில் சில நிலையங்கள் அதை ஒளிபரப்ப மறுத்தன. அதன் பிறகு வெர்டி, மோட்சார்ட், ஸ்ட்ராஸ். இடையில் தேவாலயப் பாடல்கள், கிறிஸ்துமஸ் பாடல்கள், ஆந்த்ரே ப்ரெவினோடு மெல்லிசை ஆல்பம். சகலகலாவல்லி என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் என்னை ஈர்த்தது அவர் பாடியவற்றின் பட்டியல் அல்ல, பாட மாட்டேன் என்று சொன்ன சந்தர்ப்பங்கள்.

அமெரிக்காவின் தலையாய ஆபரா அரங்கம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன். மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு 1955இல்தான் அங்கே கதவு திறந்தது. அந்த அரங்கம் சில ஆண்டுகளிலேயே பிரைஸையும் 'ஐடா'வில் பாட அழைத்தது. யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவர் ஏற்கவில்லை. ஐடா ஓர் அடிமைப் பெண்ணின் வேடம். கறுப்பினப் பெண் அந்த மேடையில் முதல் முறை தோன்றும்போது அப்படித் தோன்றக் கூடாது, காத்திரு என்று என்.பி.சி. ஆபராவை நடத்திய பீட்டர் ஹெர்மன் ஆட்லர் அறிவுரை சொன்னார். 1961 ஜனவரி 27 அன்று, வெர்டியின் 'இல் த்ரோவாத்தோரே'வில் உயர்குடிப் பெண் லியோனோராவாக அந்த மேடையில் ஏறினார். நிகழ்ச்சி முடிந்து கைதட்டல் சுமார் 40 நிமிடம் ஓயவில்லை.

அந்தப் புகழுக்குப் பிறகு நடந்ததும் முக்கியம். அந்த முதல் பருவத்திலேயே ஐந்து வேடங்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் புச்சினியின் 'லா ஃபான்சுல்லா டெல் வெஸ்ட்' என்ற கனமான ஆபராவை ஏற்றார். இரண்டாவது நிகழ்ச்சியின் நடுவே குரல் போய்விட்டது. கடைசி அங்கத்தை வேறொரு பாடகி வந்து பாடி முடித்தார். பிறகு பிரைஸ் ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளில் சிலவற்றை விட்டுவிட்டு ஓய்வு எடுத்தார். அதன் பிறகு அளந்துதான் பாடினார். 1970களில் ஆபராவைக் குறைத்துத் தனிக் கச்சேரிகளுக்கு அதிக நேரம் கொடுத்தார். 1985 ஜனவரியில், குரல் இன்னும் நன்றாக இருக்கும்போதே, ஆபரா மேடைக்கு விடை சொன்னார். எந்த வேடத்தில் தெரியுமா? ஐடா! முதலில் மறுத்த வேடத்தையே தன் கிரீடமாக ஆக்கிக்கொண்டார். அதன் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் கச்சேரி செய்தார். 2001இல் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்தவர்களுக்கான நினைவு நிகழ்ச்சியில், 74 வயதில், கார்னகி ஹாலில் நின்று பாடினார்.

விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்டால் அடுத்த போகம் கிடையாது என்று எங்கள் அப்பா சொல்வார். திறமையும் அப்படித்தான் என்பது என் கருத்து. பல துறையில் திறமை இருப்பது வரம். அந்த வரம் நிலைக்க வேண்டுமென்றால், இப்போது இது, அப்புறம் அது, இது வேண்டவே வேண்டாம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

"சார், வாய்ப்பு ஒரு தடவைதான் கதவைத் தட்டும். ஏழை வீட்டுப் பிள்ளை வேண்டாம்னு சொல்ல முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிரைஸால் மறுக்க முடிந்ததற்குக் காரணம், கையில் வேறு மேடைகள் இருந்தன, உதவக் குடும்பங்கள் இருந்தன, பொறு என்று சொல்ல ஒரு பெரியவர் இருந்தார். அதனால்தான் சொல்கிறேன், மறுக்கும் பொறுப்பு பிள்ளையுடையது அல்ல. நம்முடையது. பெற்றோரும் ஆசிரியரும் அந்த ஆட்லர் இடத்தில் நிற்க வேண்டும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்றும் கேட்டுக்கொண்டேன். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தேன் குரல். காலையில் இறைவணக்கம், சுதந்திர தினம், ஆண்டு விழா, மாவட்டப் போட்டி, வருகிற அதிகாரிக்கு வரவேற்புப் பாட்டு, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிட்டேன். பள்ளிக்குக் கேடயங்கள் வந்தன. ஒரு ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் தொண்டை கட்டிப் பேசவே முடியாமல் வந்து நின்றாள். சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்லி, மறுநாளும் மேடையேற்றினேன். மூன்றாவது பாட்டில் குரல் உடைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் எங்கள் பள்ளியில் பாடவே இல்லை. "முடியுமா?" என்று நான் ஒரு முறைகூட அவளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சாரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வாள்? அவளுக்குப் பதிலாக நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா, நீ இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. இப்போது வீட்டிலாவது பாடுகிறாயா என்று ஒரு வரி எழுது.

போன வாரம் போன் செய்த மாணவிக்கும் இதுதான் பதில். உன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதில் எதை விட்டுவிடலாம்?" என்று கேள். அவள் எதைச் சொன்னாலும் முகம் சுளிக்காதே.

அன்புடன்,
உங்கள் சார்