பிள்ளையின் கை கால் திடீரெனச் சோர்ந்தால்

தடிமன் காய்ச்சல் மாறிச் சில நாட்களில் பிள்ளையின் கையோ காலோ திடீரெனச் சோர்ந்தால், எண்ணெய் பூசிக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்வோம். மூச்சுத் தசைகளும் சோரக்கூடும்.

2014இல் அமெரிக்காவில் 120 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இவ்வாறு பாதிக்கப்பட்டனர். அது போலியோ அல்ல. முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாணில் ஏற்பட்ட அழற்சி. அதைக் காட்டியது எம்.ஆர்.ஐ. படம்.

எம்.ஆர்.ஐ. என்றதும் நம்மில் பலர் தயங்குகிறோம். அதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. சின்னப் பிள்ளை அசையாதிருக்க மயக்க மருந்து தேவைப்படலாம். அந்தப் பயத்தை வைத்தியரிடம் கேட்டுத் தெளிவோம். முண்ணாணை அழுத்தும் கட்டியா, அழற்சியா என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும். முதல் மூன்று நாட்களில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். சோர்வு மாறாவிட்டால், மீண்டும் எடுக்க வேண்டுமா என்று கேட்போம்.